குண்டூசிக்காரர் கடைசியில் சொன்னது

திருவள்ளூர்
3 ஆகஸ்ட் 2025

விக்டோரியா அவர்களுக்கு,

முதலில் ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். அதில் முதல் பாடமாக வருகிறவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், குண்டூசி செய்யும் கதையைச் சொன்னவர். அவருடைய புத்தகத்தை நான் இந்த மே மாதம்தான் முதல் தடவையாகத் திறந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கைடு. அதுவும் என் கைடு இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ரிட்டயர் ஆனபோது மேஜை டிராயரில் விட்டுவிட்டுப் போனது. பதினான்காம் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: 'குண்டூசி. ஐந்து மார்க். அடிக்கடி கேட்பார்கள்.' என் புலமையின் ஆழம் அவ்வளவுதான். இதை என் மனைவி வைஜயந்தியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் காலை பால் பாக்கெட்டோடு சேர்ந்து தெரு முழுக்க விநியோகமாகிவிடும்.

போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் என் நம்பரை பிளாக் செய்து எண்பத்து நாலு நாள் ஆகிறது. அதனால் தபால். ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் ஏற இறங்கப் பார்த்து, "கோர்ட் கேஸா சார்?" என்றாள். கிட்டத்தட்ட என்றேன்.

கேஸ் இதுதான். மே 11, ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டி சர்ச் ஹாலில் தொழிலாளர்களுக்கான வகுப்பு. 'அந்தக் காலத்துப் பொருளாதார மேதைகள் இந்தக் காலத்துக்கு எதற்கு?' என்று பேனர். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தீர்கள். நான் போர்டில் ஒரு குண்டூசி வரைந்தேன், அது கடப்பாரை மாதிரி இருந்தது. ஒருத்தன் கம்பியை இழுக்கிறான், இன்னொருத்தன் நிமிர்த்துகிறான், ஒருத்தன் வெட்டுகிறான், ஒருத்தன் முனையைத் தேய்க்கிறான். இப்படிப் பிரித்துக்கொண்டால் பத்து பேர் ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டாயிரம் குண்டூசி செய்யலாம், தனித்தனியாகச் செய்தால் ஆளுக்கு இருபதுகூடத் தேறாது என்று முழங்கினேன். மூன்றாவது வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள்.

"சார், நாள் பூரா முனையை மட்டும் தேச்சவன் கதி இன்னா ஆச்சு?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "அவனுக்கென்னம்மா, அவன் பெண்டாட்டிக்கு ஊசிக்குப் பஞ்சமே இருந்திருக்காது" என்றேன். ஹால் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் ஒரு நிமிஷம் நன்றாகக் குளித்தேன். தலை துவட்டிக்கொண்டு பார்த்தால் உங்கள் நாற்காலி காலி.

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். மன்னிப்புக்காக இல்லை. உங்கள் கேள்வி தப்பு என்று அவர் புத்தகத்திலிருந்தே ஆதாரம் காட்டி உங்களுக்கு ஒரு நீளமான மெசேஜ் அனுப்ப. (அப்போது பிளாக் ஆனது தெரியாது.) அந்தப் புத்தகத்தின் முதல் முப்பது பக்கம் பல தலைமுறைக் கைபட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை, பெட்டியிலிருந்து எடுத்த பட்டு வேட்டி மாதிரி. ஊரே முப்பது பக்கத்தோடு எழுந்து போயிருக்கிறது. நூலகத்தில் ஃபேன் நன்றாக ஓடியதால் நான் எழுந்து போகவில்லை.

கடைசிப் பாகமான ஐந்தாம் பாகத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே அதே மனுஷன் சொல்கிறார்: ஆயுள் முழுக்க ஒன்றிரண்டு சின்ன வேலையையே திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்கு யோசிக்க அவசியமே வருவதில்லை, அதனால் அவன் மழுங்கிப் போகிறான் என்று.

நீங்கள் கேட்ட கேள்வியை அவரே கேட்டிருக்கிறார், விக்டோரியா. என்ன, எழுநூறு பக்கம் தள்ளிக் கேட்டிருக்கிறார். நான் அந்தப் பக்கத்துக்குப் போகாமலே உங்களைப் பார்த்துச் சிரித்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். இது ஜோக் இல்லை.

ரங்கா


எளாவூர்
8 ஆகஸ்ட் 2025

ரங்கா சாருக்கு விக்டோரியா எழுதறது.

லெட்டர் வந்துச்சு. உங்க மன்னிப்பை வாங்கி வெச்சிருக்கேன், இன்னும் பிரிக்கல.

உங்க கையெழுத்து கொசு செத்த மாதிரி இருக்கு சார். கண்ணாடி போட்டும் பாதி தெரியல. கண்ணாடி இல்லன்னா எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, அது வேற விஷயம்.

நீங்க சிரிச்சதுக்காக நான் எழுந்து போனேன்னு நெனச்சுக்கினு இருக்கீங்க. சிரிச்சதுக்கு இல்ல. எங்க சூப்பர்வைசர் கிட்ட ஏதாவது கேட்டா பதில் தெரியாதப்போ அவரும் ஒரு ஜோக் சொல்வார். நாங்க சிரிப்போம், கேள்வி காணாம பூடும். வாரம் ஆறு நாள் அதைப் பாக்கறேன். ஏழாவது நாளும் பஸ் புடிச்சு வந்து பாக்கணுமா?

நான் சும்மா கேக்கல அன்னிக்கு. இப்ப சொல்றேன்.

எங்க கம்பெனில காருக்குள்ள ஓடற ஒயருங்களைக் கட்டாக் கட்டறோம். ஒரு லைன்ல பன்னெண்டு பொம்பளைங்க. ஒருத்தி ஒயரைப் பரப்புவா, ஒருத்தி டேப் சுத்துவா, ஒருத்தி கிளிப்பை அழுத்துவா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி பெல் அடிக்கும், எல்லாரும் ஒரு சீட்டு தள்ளி உக்காருவோம். கிளிப் சீட்டுதான் எமன். கட்டைவிரலால டக்குனு அழுத்தணும். ஒரு மணி நேரத்துக்கு நானூறு வாட்டி. ரெண்டு மணி நேரம்னா தாங்கிக்கலாம்.

செப்டம்பர் ஒண்ணாம் தேதிலேருந்து சீட்டு மாத்தறது கிடையாதாம். எவ எதுல வேகமோ அவ ஷிப்டு பூரா அதுலயே. ரெண்டு வாரமா டிரையல் நடக்குது. எங்க லைன்ல கிளிப்புல வேகம் கிறிஸ்டினா. இருபத்தாறு வயசு. இப்பவே காலைல ஜடை பின்ன அவ அம்மா வரணும். வேகமா செஞ்சதுக்கு அதுதான் பரிசு.

புது மேனேஜர் ரகுராம் சார் எங்களை எல்லாம் உக்கார வெச்சு சினிமா மாதிரி ஸ்கிரீன்ல ஒண்ணு காட்டினார். இன்னா காட்டினார் தெரியுமா? குண்டூசி. உங்க ஆளுதான். நாப்பத்தெட்டாயிரம், பத்து பேர், எல்லாம் அப்படியே. நீங்க வரஞ்ச குண்டூசியை விட நல்லா இருந்துச்சு.

ஆகஸ்ட் 28 வியாழக்கிழமை மீட்டிங். மேல இருந்து பெரிய ஆபீசருங்க வராங்க. எங்க பக்கம் பேச பத்து நிமிஷம். யூனியன் தாவீது அண்ணன், "எதுக்கு விக்டோரியா பேஜாரு, டீ பிரேக்கை அஞ்சு நிமிஷம் ஏத்திக் குடுங்கன்னு கேட்டுட்டு உட்ருவோம்"ன்னாரு. நான் உட மாட்டேன்னுட்டேன். சரி, அப்ப நீயே பேசுன்னுட்டாரு.

அந்த ஐந்தாம் பாகத்துப் பக்கம் எனக்கு வேணும். போனை கேட்லயே லாக்கர்ல போட்டுடணும், அதனால பேப்பர்ல வேணும். தமிழ்ல வேணும். டைப் அடிச்சு வேணும்.

விக்டோரியா


திருவள்ளூர்
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள விக்டோரியா,

'அன்புள்ள' போட்டிருக்கிறேன். அதிகம் என்றால் அடித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கிரீனில் காட்டினாரா? அவரே காட்டினாரா? உங்கள் ரகுராமும் அந்த முப்பது பக்க சங்கத்தில் மெம்பர்தான்! நீங்கள் எழுந்து, "சார், நீங்கள் கும்பிடுகிற அதே சாமி கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா?" என்று கேட்டால் என்ன செய்வார்? வேறு சாமியா கூட்டி வருவார்?

இதோடு இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு என்னுடையது, டைப் அடித்தது தேரடி ஜெராக்ஸ் கடையில். கடைக்காரர் படித்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகையா சார்?" என்றார். தமிழ் கொஞ்சம் கம்பீரமாக விழுந்துவிட்டது, அதனால் இருக்கும்.

மற்ற மேதைகளையும் துணைக்கு அழைக்கலாமா என்று யோசித்தேன். தாடி வைத்த ஜெர்மன்காரர் ஒருவர் உண்டு. நம் குண்டூசிக்காரரின் இதே இடத்தை எடுத்துக்காட்டி, தொழிற்சாலை ஆளை எப்படித் தேய்க்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினவர். ஆனால் அவர் பேரை உச்சரித்தால் ரகுராம் சார் வெளியே ஆள் அனுப்பி கேட்டைப் பூட்டிவிடுவார். வேண்டாம். இன்னொருவர், மீசை வைத்த இங்கிலீஷ்காரர். 1930-லே அவர் ஒரு ஜோசியம் சொன்னார்: நூறு வருஷத்தில் மனிதர்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும், மிச்ச நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருக்கும் என்று. கெடு முடிய இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. நீங்கள் அந்தப் பதினைந்தைச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறீர்கள். இவரையும் விட்டுவிடலாம், லைனில் கேட்டால் அடிக்க வருவார்கள்.

ஆக, குண்டூசிக்காரர் ஒருவரே போதும். அவர் வெறுமனே அழுதுவிட்டும் போகவில்லை. இதற்கு மருந்தும் சொல்கிறார்: பள்ளிக்கூடம். உழைக்கிற ஜனங்களுக்கு அரசாங்கமே முன்வந்து படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

ஒரு யோசனை. 28-ஆம் தேதி நானே வரட்டுமா? 'வெளி நிபுணர்' என்று போட்டுக்கொள்ளலாம். என்னிடம் ஒரு கோட் இருக்கிறது. பட்டன் போட்டால் மூச்சு விட முடியாது, ஆனால் பத்து நிமிஷம்தானே. வைஜயந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "போன தடவை போய்ப் பேசினதுக்குத்தான் இப்போ ஸ்டாம்ப் ஒட்டிண்டிருக்கேள்" என்கிறாள். அவள் கருத்தையும் பதிவு செய்கிறேன்.

ரங்கா


எளாவூர்
18 ஆகஸ்ட் 2025

சார்,

கோட்டைப் பீரோலயே வைங்க. வர வேணாம்.

உங்க பக்கத்தை டீ பிரேக்ல எங்க லைனுக்குப் படிச்சுக் காட்டினேன். 'மந்தமதியும் அறிவின்மையும் ஒருங்கே எய்தி' வரைக்கும் போனேன். குப்பம்மாக்கா டம்ளரை டொக்குனு வெச்சாங்க. எங்க லைன்லயே சீனியர் அவங்க.

"யாருடி அவன்?"

"பெரிய மேதைக்கா. வெள்ளைக்காரன்."

"எந்த ஊட்டு மேதையா வேணா இருக்கட்டும். என்னை முட்டாளுன்றானா? மூணு பொண்ணுங்களைப் படிக்க வெச்சவ நானு. அவன் ஊட்ல எத்தினி பொண்ணு?"

"அவரு கல்யாணமே பண்ணிக்கலியாம்க்கா."

"அப்புறம் இன்னா பேசறான்?"

எல்லாரும் கெக்கெக்கென்னு சிரிச்சாங்க. நான் பேப்பரை மடிச்சு உள்ள வெச்சுட்டேன். இதை நான் ஆபீசருங்க முன்னாடி படிச்சேன்னா, பாரு, இவங்களே தங்களை முட்டாளுன்னு ஒத்துக்கினாங்கன்னு எழுதிக்கினு போய்டுவாங்க.

உங்க ஆளு பாதிதான் பாத்திருக்காரு சார். கை ஒரே வேலையைச் செய்யறப்போ மூளை தூங்காது. சும்மா அலையும். குப்பம்மாக்கா கிளிப் சீட்டுல உக்காந்தா பொண்ணு கல்யாணத்துக்கு மெனு போட்டு, பந்தி பரிமாறி, மிச்ச சாம்பாரைக்கூட யாருக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. கிறிஸ்டினா மனசுக்குள்ளயே பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கினு இருப்பா. மூளைக்கு ஒண்ணும் ஆகல. மணிக்கட்டு போவுது. கட்டைவிரல் போவுது. எங்கம்மா நடவு நட்டு முதுகு போச்சு, எனக்குக் கை. முன்னேத்தம்தான், முதுகுலேருந்து கைக்கு வந்திருக்கு. குண்டூசிக்காரர் முனை தேச்சவன் கிட்ட ஒரு வாட்டி கையைக் காட்டுன்னு கேட்டிருந்தார்னா சொல்லியிருப்பான்.

அப்புறம் அந்த மருந்து. பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். நானும் பள்ளிக்கூடம் போனேன், மே 11, ஞாயித்துக்கிழமை. வாத்தியார் சிரிச்சாரு.

பக்கம் வேணாம்னு சொல்லல. அவங்க குண்டூசியை வெச்சே அவங்களைக் குத்தணும்னுதான் எனக்கும் ஆசை. வேற மாதிரி எழுதிக் குடுங்க. ஒரே பக்கம். எங்களை முட்டாளாக்காம. நான் பேசற தமிழ்ல.

கிறிஸ்டினாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள கை வீங்கிடுது. பத்து நாள்தான் இருக்கு.

விக்டோரியா


திருவள்ளூர்
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள விக்டோரியா,

குப்பம்மாள் அவர்களுக்கு என் வணக்கம். குண்டூசிக்காரர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அது எனக்கு முழுநேர வேலை.

புது பக்கம் வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். 'மந்தமதி' கிடையாது. 'இப்படி வேலையைப் பிரிக்கறதைப் புகழ்ந்த ஆளே, இதை ஒருத்தர் மேலயே ஏத்தினா அந்த ஆளு கெட்டுப் போவாங்கன்னு எச்சரிச்சிருக்காரு. நீங்க அவரோட முதல் பாகத்தை மட்டும் காட்டினீங்க, நாங்க கடைசி பாகத்தைக் காட்டறோம்' என்று ஆரம்பிக்கிறது. வைஜயந்தியை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். நடுவில் அவள் எழுந்து போகவில்லை, எங்கள் இருபத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் இது முதல் முறை.

நீங்கள் எழுதியதை நான் முதலில் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குண்டூசிக்காரர் எவ்வளவு பெரியவர், அவர் பாதிதான் பார்த்தார் என்று எளாவூரிலிருந்து ஒருத்தர் எழுதுவதா என்று கொஞ்சம் சுருக்கென்றது. நேற்று தெளிந்தது.

நேற்று அமாவாசை. எங்கள் கோயிலில் அமாவாசை என்றால் தெரியுமே, முதல் நாள் ராத்திரியே ஜனங்கள் வந்து படுத்துவிடுவார்கள். உப்பும் மிளகும் வாங்கிப் போடுவது இங்கே வேண்டுதல். மைத்துனன் விஷ்ணுவர்தன் குளத்தங்கரையில் அந்தப் பொட்டலம்தான் விற்கிறான். ஆள் வரவில்லை, அத்திம்பேர் சும்மாதானே இருக்கார் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். நான்கு பேர். ஒருத்தர் கவரில் உப்பு, ஒருத்தர் மிளகு, ஒருத்தர் மடிப்பு, நான் ரப்பர் பேண்ட். ஆகா, குண்டூசித் தொழிற்சாலையே நேரில் என்று முதல் கால் மணி நேரம் அவர்களுக்கு லெக்சர்கூடக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் லெக்சர் நின்றது. இரண்டாவது மணியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்னுடையவை இல்லை. மூளை மட்டும் ஜோராக வேலை செய்தது: கல்லூரியில் 1998-இல் என் இன்கிரிமென்டை மறித்தவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று முழு வசனமும் எழுதி முடித்தது. மூன்று மணி நேரம் கழித்து விடுதலை. வீட்டுக்கு வந்து பூணூலை வலமிருந்து இடம் மாற்ற முடியாமல் நின்றேன், விரல் பிடிக்கவில்லை. காபி டம்ளரை வைஜயந்தி பிடித்துக்கொள்ள நான் குடித்தேன். அவளுக்கு ஒரே ஆனந்தம். தெருவில் இன்றைக்கு அதுதான் பேச்சு.

மூளை இல்லை, கைதான். நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் இதையெல்லாம் மீட்டிங்கில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கத்தைப் படியுங்கள், நிறுத்தி நிதானமாக. 'கடைசி பாகம்' என்கிற இடத்தில் தலையை நிமிர்த்தி ரகுராமைப் பாருங்கள்.

ஜெயித்து வாருங்கள்.

ரங்கா


எளாவூர்
28 ஆகஸ்ட் 2025, சாயங்காலம்

சார்,

ஜெயிச்சாச்சு. சீட்டு மாத்தறது அப்படியே இருக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. கிறிஸ்டினாவுக்கு ஒரு மாசம் கிளிப் சீட்டே கிடையாது. பஸ் வந்துடுச்சு, மத்தது அப்புறம் எழுதறேன்.

விக்டோரியா


திருவள்ளூர்
1 செப்டம்பர் 2025

அன்புள்ள விக்டோரியா,

உங்கள் கார்டை போஸ்ட்மேன் கையிலிருந்து பிடுங்கி அங்கேயே படித்து, அவரையும் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் இனிமேல் எங்கள் வீட்டுத் தபாலைக் கேட்டிலேயே போட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதுவரைக்கும் நான் சொல்லி முடித்த ஆட்கள்: வைஜயந்தி, விஷ்ணுவர்தன், ஜெராக்ஸ் கடைக்காரர், நூலகர் ஸ்ரீஜா, அப்புறம் கல்லூரியில் என் இன்கிரிமென்டை மறித்தவர். அவருக்குப் போன் போட்டே சொன்னேன். 'யார் பேசறது?' என்றார். பரவாயில்லை.

யோசித்துப் பாருங்கள். எங்கோ குளிரில், கல்யாணம் காட்சி இல்லாமல் உட்கார்ந்து ஒரு மனுஷன் எழுதி வைத்த பக்கம். அடுத்த வருஷம் வந்தால் இருநூற்றைம்பது வருஷம். அதை யாரும் பிரிக்காமல் பட்டு வேட்டி மாதிரி வைத்திருந்தார்கள். அது கடைசியில் வேலை செய்தது எங்கே? நம் கும்மிடிப்பூண்டியில். பழைய மேதைகள் இந்தக் காலத்துக்கு எதற்கு என்று பேனர் கட்டியிருந்தோமே, அதற்கு ஒரு வாழும் பதில்! இதை ஒரு கட்டுரையாக எழுதத் தொடங்கிவிட்டேன். எங்கள் கல்லூரி பொன்விழா மலருக்கு. கைடைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட்டேன்.

கட்டுரைக்காகச் சில விவரங்கள் வேண்டும். எந்த வரியில் ரகுராமின் முகம் மாறியது? 'கடைசி பாகம்' என்ற இடத்திலா, அதற்கு முன்னாலேயா? பெரிய ஆபீசர்கள் யாராவது எழுதிக்கொண்டார்களா? புத்தகத்தின் பெயரை யாராவது கேட்டார்களா?

இன்னொன்று. நீங்கள் படித்த அந்தத் தாள் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து எனக்குத் திருப்பி அனுப்புங்கள். சட்டம் போட்டு மாட்டப்போகிறேன். ஹாலில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணிகூட அடித்தாகிவிட்டது.

ரங்கா


எளாவூர்
6 செப்டம்பர் 2025

சார்,

மொதல்ல நல்ல சேதி. உங்க நம்பர்லேருந்து பிளாக்கை எடுத்துட்டேன். ஆனா லெட்டரே எழுதுங்க. போன்ல நீங்க நிறுத்த மாட்டீங்க.

கட்டுரையைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க.

மீட்டிங்கை ரகுராம் சார் எங்க லைன் பக்கத்துலயே வெச்சார், பெரிய ஆபீசருங்களுக்கு டிரையலைக் காட்டறதுக்காக. அஞ்சு பேர் வந்திருந்தாங்க. என் முறை வந்துச்சு. பேப்பரைப் பிரிச்சேன். வெள்ளைத் தாளு, அதுல எறும்பு ஊர்ற மாதிரி. கண்ணாடி எங்கடான்னு தலையைத் தடவறேன். போனைப் போடறப்போ அதையும் சேத்து லாக்கர்ல போட்டுட்டு வந்திருக்கேன்.

வேற யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். அப்ப தோணல. பேப்பரைக் கையில வெச்சுக்கினு நிக்கறேன். தாவீது அண்ணன் பின்னாடிலேருந்து, "இன்னாமா, பேசு. டீ பிரேக்காவது கேளு"ன்றாரு.

எதிர்ல கிறிஸ்டினா கையை மடிச்சுக்கினு நின்னா. உங்க ரப்பர் பேண்டு ஞாபகம் வந்துச்சு, காபியை உங்க வீட்டம்மா புடிக்க நீங்க குடிச்சது. என்னையும் மீறி வாய்ல வந்துச்சு.

"சார், எனக்குப் பேச பத்து நிமிஷம் குடுத்தீங்க. அதை உங்களுக்கே குடுத்துடறேன். கிறிஸ்டினா சீட்டுல உக்காந்து நீங்க கிளிப் அழுத்துங்க. நாங்க பாக்கறோம்."

ரகுராம் சார் சிரிச்சாரு. "அவ்ளோதானா?"ன்னு கோட்டைக் கழட்டிட்டு உக்காந்தாரு. பத்து நிமிஷத்துல எழுந்திருக்கலாம். ஆனா பெரியவங்க நின்னு பாத்துக்கினு இருக்காங்க, டார்கெட்டுல பாதிகூட வரல. வெக்கம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நாப்பது நிமிஷம் அழுத்தினாரு. குப்பம்மாக்கா ஒவ்வொரு கிளிப்புக்கும், "இன்னும் உள்ள போவல சார், இன்னும் அழுத்துங்க"ன்னு சொல்லிக்கினே இருந்தாங்க.

எழுந்து தண்ணி பாட்டிலை எடுத்தாரு. மூடி தெறக்கல. திருகறாரு, விரல் வழுக்குது. சும்மா இருக்க முடியாம கிறிஸ்டினா கையை நீட்டி வாங்கினா. அவளாலயும் முடியல. குப்பம்மாக்கா வாங்கித் தெறந்து குடுத்தாங்க. அவரு தண்ணி குடிக்கல. கிறிஸ்டினா கையையே பாத்துக்கினு இருந்தாரு. வந்திருந்ததுல பெரியவரு ஒருத்தர், "பழைய மாதிரியே இருக்கட்டும், எழுதுங்க"ன்னாரு. அவ்வளவுதான் சார் நடந்தது. முகம் மாறினது அந்தப் பாட்டில்லதான். எந்த வரியிலயும் இல்ல.

குண்டூசிக்காரர் மேல எனக்கு வருத்தம் இல்ல. ஞாயித்துக்கிழமை கிளாஸ் திரும்ப வெச்சா நான் வரேன், கிறிஸ்டினாவையும் கூட்டிக்கினு. அந்த ஐந்தாம் பாகத்தை மொதல்லேருந்து படிக்கணும், நீங்க பாதி, நாங்க பாதி. இந்த வாட்டி கேள்வி கேட்டா பதில் சொல்லணும். மன்னிப்பையும் பிரிச்சுட்டேன்.

ஆனா அந்தத் தாளைத் திருப்பி அனுப்ப முடியாது. கிறிஸ்டினா ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ரகுராம் சார் உக்காந்ததும் ஆடிச்சு. ஆடுதுன்னு எழுந்து போய்டப் போறாரேன்னு கையில இருந்ததை எட்டா மடிச்சு காலுக்கு அடியில சொருகிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கு. இப்ப ஆடறதில்ல.

விக்டோரியா